கால்வாசிக் கண்

இதை எழுதும்போது காகிதத்தில் ஒரு தடவைக்கு நாலைந்து எழுத்துதான் எனக்குத் தெரிகிறது. வரி கோணிக்கொண்டு போயிருந்தால் படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பஸ் ஓட்டினவன் கையெழுத்து, அழகாக இருக்காது. சொல்லாமல் விடவும் மனசு கேட்கவில்லை. தலையில் எண்ணெயை வழியவிட்டுக்கொண்டு, சரியாகிவிடும் சரியாகிவிடும் என்று உட்கார்ந்திருக்கிற டிரைவர்கள் இன்னும் பத்துப் பேராவது இந்த ஜில்லாவில் இருப்பார்கள். முக்கியமாக அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

என் பெயர் கங்காதரன். ஊர் புத்தூருக்குப் பக்கம். சித்தூரிலிருந்து கார்வேட்டிநகரம், புத்தூர் வழியாகத் திருப்பதிக்குப் போகிற ஒரு தனியார் பஸ்ஸை வருஷக்கணக்காக ஓட்டினேன். ஆந்திரா தனி ராஜ்யமாகப் பிரிந்தபோதும் அதே பஸ், அதே ரூட். போர்டில் இருந்த தமிழை அழித்துத் தெலுங்கில் எழுதினார்கள், அவ்வளவுதான். நான் சொல்லப்போவது அதற்குச் சில வருஷம் கழித்து நடந்தது. திருத்தணி மெட்ராஸ் பக்கம் போகும், சத்தியவேடு இந்தப் பக்கம் வரும் என்று பஸ்ஸில் ஏறுகிறவர்கள் எல்லாம் சண்டை போட்டுக்கொண்டிருந்த காலம்.

முதலில் விளக்குகளில்தான் ஆரம்பித்தது. இருட்டின பிறகு எதிரே லாரி வந்தால் அதன் விளக்கைச் சுற்றி வானவில் நிறத்தில் ஒரு வட்டம் தெரியும். வலது நெற்றிப்பொட்டில் யாரோ கட்டைவிரலால் அழுத்துகிற மாதிரி வலிக்கும். கொஞ்ச நேரத்தில் எல்லாம் பனி மூடினாற்போல் மங்கும். நான் என்ன நினைத்தேன்? பஸ்ஸின் முன்கண்ணாடி அழுக்கு என்று நினைத்தேன். கிளீனர் மஸ்தானைத்தான் போட்டு வாட்டினேன். அவன் எனக்கு நாலு வயசு இளையவன், பொறுமைசாலி.

"இன்னாடா மஸ்தான், கண்ணாடியத் தொடச்சியா, இல்ல சும்மா துணிய காட்டினியா?"

"மூணு வாட்டி தொடச்சிட்டேண்ணே. இதுக்கு மேல தொடச்சா கண்ணாடியே தேஞ்சிப் பூடும்."

பிறகு கண் சிவந்தது. எங்கள் தொழிலில் எந்த வியாதி வந்தாலும் அதற்கு ஒரே பெயர்தான்: இஞ்சின் சூடு. அந்தக் காலத்து பஸ்ஸில் இஞ்சின் பெட்டி டிரைவரின் இடது முழங்காலை ஒட்டி இருக்கும். நாள் முழுக்க அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற கதைதான். மூலம் வந்தாலும் இஞ்சின் சூடு, முடி கொட்டினாலும் இஞ்சின் சூடு. கண் சிவந்தால் கேட்கவே வேண்டாம். ஷெட்டில் இருந்த அத்தனை டிரைவர்களும் எனக்கு வைத்தியரானார்கள். உச்சந்தலையில் விளக்கெண்ணெய், சனிக்கிழமை தவறாமல் எண்ணெய்க் குளியல், படுக்கும்போது கண்மேல் நந்தியாவட்டைப் பூ. குளித்து எழுந்தால் குளுகுளுவென்றுதான் இருக்கும். வலியும் போய்விடும். அந்த வலி தானாகவே வந்து தானாகவே போகிற வலி, எண்ணெய்க்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று எனக்கு எப்படித் தெரியும்? எண்ணெய் கேட்கிறது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு மாசக்கணக்கில் கழித்துவிட்டேன்.

கார்வேட்டிநகரம் தாண்டி ஒரு திருப்பத்தில் வலது பக்கத்துக் கொல்லையிலிருந்து ஒரு மாட்டுவண்டி ரோட்டில் ஏறியது. நான் பார்க்கவில்லை. பஸ்ஸில் இருந்தவர்கள் ஓவென்று கத்தினார்கள். பிரேக்கை மிதித்தேன். மாட்டின் கொம்பு மட்கார்டில் கீறிக்கொண்டு போனது. நல்ல வேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

"யோவ், கண்ணு பொட்டையா உனக்கு?" என்று வண்டிக்காரன் சாட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

நான் சீட்டில் உட்கார்ந்தபடியே இடது கண்ணைக் கையால் மூடிப் பார்த்தேன். ரோடு இல்லை. வண்டிக்காரன் இல்லை. ஸ்டியரிங் பிடித்திருந்த என் கையும் இல்லை. இஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கினேன். ஜனங்களை அடுத்த பஸ்ஸில் ஏற்றிவிடச் சொன்னேன். அதற்குப் பிறகு நான் பஸ் எடுக்கவில்லை.

சித்தூரில் ஒரு கண் டாக்டரிடம் முதலாளி அனுப்பிவைத்தார். என் மனைவி கன்னியம்மா கூட வந்தாள். காத்திருக்கிற இடத்தில் பெஞ்சு நிறைய ஆட்கள். பாதிப் பேர் ஒரு கண்ணில் பச்சைத் துணி கட்டியிருந்தார்கள். யாரும் யாரையும் பார்த்துப் பேசவில்லை. எல்லாருக்கும் ஒரே கவலைதான், இருந்தாலும் பல்வலிக்காரர்கள் மாதிரி ஒருவருக்கொருவர் புலம்பிக்கொள்ள வாய் வரவில்லை.

டாக்டர் தெலுங்குக்காரர், தமிழும் பேசுவார். மருந்து விட்டுக் கண்ணை மரத்துப்போகச் செய்து, கருவிழிமேல் ஒரு சின்னக் கருவியை நிறுத்தி அழுத்தம் பார்த்தார். பிறகு சுவரில் தொங்கிய கறுப்புத் துணிக்கு எதிரே என்னை உட்காரவைத்தார். வலது கண்ணை மூடிவிட்டு, துணியின் நடுவில் இருந்த புள்ளியை மட்டும் இடது கண்ணால் பார்க்கச் சொன்னார். ஒரு கறுப்புக் குச்சியின் முனையில் வெள்ளைப் பொட்டு. அதை ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே கொண்டுவருவார். தெரிந்ததும் சொல்ல வேண்டும்.

"கனபடுதா? தெரியுதா?"

"இல்லீங்க."

"இப்போ?"

"இல்லீங்க."

"இப்போ?"

குச்சியை எங்கோ தூரத்தில் வைத்துக்கொண்டு விளையாடுகிறார் என்று எனக்குக் கோபம் வந்தது. தெரிகிறது என்று நான் சொன்னபோது கன்னியம்மா மூச்சை இழுத்தது கேட்டது. திரும்பிப் பார்த்தேன். குச்சி கிட்டத்தட்ட நடுப்புள்ளியிலேயே இருந்தது. நல்ல கண் என்று நான் நம்பிக்கொண்டிருந்த இடது கண்ணின் நிலைமை அது.

டாக்டர் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். கண்ணுக்குள் எப்போதும் தண்ணீர் ஊறிக்கொண்டிருக்கும், ஒரு வழியாக வடிந்துகொண்டும் இருக்கும். எனக்கு அந்த வழி அடைத்துக்கொண்டது. "ராடியேட்டர்ல ஆவி வெளிய போகாட்டி என்ன ஆகும்? நீ டிரைவரு, உனக்கு நான் சொல்லணுமா?" உள்ளே அழுத்தம் ஏறி, கண்ணிலிருந்து மூளைக்குப் போகிற நரம்பு நசுங்கிச் செத்துவிட்டது. கிளாக்கோமா என்று பெயராம். வலது கண் போனது போனதுதான். எந்த மருந்தும் திருப்பித் தராது. இடது கண்ணில் மிச்சமிருப்பதை வேண்டுமானால் ஆபரேஷன் செய்து காப்பாற்றப் பார்க்கலாம்.

"ஆபரேஷன் பண்ணா நிச்சயமா இருக்குங்களா?" என்று கன்னியம்மா கேட்டாள்.

"பண்ணலேன்னா நிச்சயமா போகும்மா," என்றார் அவர்.

திருப்பதியில் ஆபரேஷன் செய்கிற ஒரு டாக்டருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். ஊருக்குத் திரும்பும்போது என் பஸ்ஸிலேயே பின்சீட்டில் உட்கார்ந்து வந்தேன். புது டிரைவர் கியர் மாற்றுகிற ஒவ்வொரு தடவையும் என் இடது கை தானாக அசைந்தது. மனசுக்குள் ஆத்திரம். யார்மேல் என்று தெரியாத ஆத்திரம்.

திருப்பதி ஆஸ்பத்திரி சின்னது. ஆண்கள் வார்டில் பெண்கள் தங்கக்கூடாது. கன்னியம்மா பக்கத்தில் ஒரு சத்திரத்தில் தங்கி, அங்கேயே கஞ்சி காய்ச்சிக் காலையும் சாயந்தரமும் கொண்டுவருவாள். கையில் கிடந்த வளையல் ஆபரேஷனுக்கு முந்தின நாளே காணாமல் போயிருந்தது.

ஆபரேஷனில் வலி இல்லை. கண்ணுக்குப் பக்கத்தில் ஊசி போடும்போது மட்டும் உயிர் போகும். பிறகு மரத்துவிடும். இமையைக் கம்பி மாதிரி ஒன்றால் விரித்துப் பிடித்துவிடுவார்கள், சிமிட்ட முடியாது. கருவிழி ஓரத்தில் வெட்டி, உள்ளே தேங்குகிற தண்ணீர் வடிய வழி செய்கிறார்கள். கத்திரி நறுக்கென்று வெட்டுகிற சத்தம் கேட்டது. "கிந்தகி சூடு, கீழே பாரு, ஆடாதே," என்று டாக்டர் தெலுங்கிலும் தமிழிலும் மாற்றி மாற்றிச் சொன்னார். பெரிய வெளிச்சம் ஒன்று வந்து, அதன்மேல் பஞ்சை வைத்து மூடினார்கள்.

உண்மையான வேதனை அதற்குப் பிறகுதான். இரண்டு கண்ணையும் சேர்த்துக் கட்டிவிடுவார்கள். ஒரு கண் அசைந்தால் மற்றதும் அசையுமாம். தலைக்கு இந்தப் பக்கம் ஒரு மணல் மூட்டை, அந்தப் பக்கம் ஒரு மணல் மூட்டை. ஒரு வாரத்துக்கு மேல் மல்லாந்தே கிடக்க வேண்டும். புரளக்கூடாது. இருமக்கூடாது, தும்மக்கூடாது, முக்கக்கூடாது. நர்சம்மா கடைசியில் சொன்னதுதான் எனக்குப் பெரிய தண்டனை: "நவ்வகூடாது, ஏடவகூடாது." சிரிக்கவும் கூடாது, அழவும் கூடாது.

தினம் அறுபது பேரை ஏற்றி இறக்கினவன் நான். இரைச்சலிலேயே வாழ்ந்தவன். அந்தக் கட்டுக்குள் போனதும் உலகத்தில் ஒருவருமே இல்லை என்று ஆகிவிட்டது. ஆட்கள் வருவார்கள், போவார்கள். வருகிறவர் நம்மிடம் வருகிறாரா, அடுத்த கட்டிலுக்குப் போகிறாரா என்று தெரியாது. யாரோ நிற்கிறார்கள் என்று நினைத்துப் பேசுவேன், பதில் இருக்காது. கண்ணைக் கட்டினால் காதையும் கட்டிவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள் மனிதர்கள். யாரையோ பார்க்க வந்த ஒருத்தி என் கட்டில் பக்கம் நின்று, "ஐயோ பாவம், சின்ன வயசு, இனிமே இவன் இன்னா பண்ணுவான்," என்று உச்சுக்கொட்டினாள். எழுந்து உட்கார்ந்து நாலு வார்த்தை கேட்டிருப்பேன். மணல் மூட்டை விடவில்லை.

பயம் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. கஞ்சி குடித்துக்கொண்டிருக்கும்போது வரும். கட்டை அவிழ்த்ததும் இதே இருட்டு இருந்தால்? என்னைக் கையைப் பிடித்துக் கொல்லைப்பக்கம் கூட்டிப்போக வேண்டும். அதைக் கன்னியம்மா செய்வாள். எத்தனை வருஷம் செய்வாள்? எங்களுக்குக் குழந்தை இல்லை. கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம், அதில் நான் பாதி நாள் சித்தூரில், பாதி நாள் திருப்பதியில். வீட்டுக்குப் போனால் தூக்கம். அவளோடு உட்கார்ந்து பேசின நாட்களை எண்ணப் போனால் எனக்கே வெட்கமாக இருந்தது.

ஆஸ்பத்திரியிலும் அவள் அதிகம் பேசவில்லை. மூக்கு நீண்ட கிண்ணத்தில் கஞ்சியை வாயில் ஊற்றுவாள். உதட்டைத் துடைப்பாள். காலை அமுக்குவாள். "உப்பு போதுமா?" என்று கேட்பாள். நேரம் முடிந்தது என்று மணி அடித்ததும் என் உள்ளங்காலை ஒரு தடவை பிடித்துவிட்டுப் போவாள். அதற்குப் பிறகு சாயந்தரம்வரை யாரும் இல்லை.

மஸ்தான் ஒரு நாள் வந்தான். டீசல் வாசனையை வைத்தே கண்டுபிடித்தேன். என்னை எப்படி விசாரிப்பது என்று தெரியாமல் பஸ்ஸைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான். பின் ஸ்பிரிங் ஒடிந்ததாம், புது டிரைவர் பள்ளம் மேடு பார்க்காமல் விடுகிறாராம். போகும்போது மட்டும் சொன்னான்:

"கண்ணாடிய நல்லாதான் தொடச்சேண்ணே."

"தெரியும்டா," என்றேன். அழக்கூடாது என்ற உத்தரவு அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

அடுத்த கட்டிலில் பலமனேர்க்காரர் ஒருவர், பெயர் ரெட்டப்பா, காய்கறி வியாபாரி. அவருக்குக் கண்புரை ஆபரேஷன். கண்ணுக்குள் இருக்கிற வில்லை வெளுத்துப்போனால் அதை எடுத்துவிடுவார்கள். எடுத்துவிட்டால் பார்வை திரும்பிவிடும். என் வியாதி அப்படி இல்லை. அந்த வித்தியாசம் தெரிந்தபோது அவர்மேல் பொறாமைப்பட்டேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். அவருக்கும் கட்டு, அவருக்கும் மணல் மூட்டை. தினம் காலையில் கோவிந்தா, கோவிந்தா என்பார். வார்டு ஆளிடம் "கொண்ட எந்தப் பக்கம்?" என்று கேட்டிருக்கிறார். கொண்ட என்றால் மலை. அவன் ஏதோ வேலையில், தலைமாட்டுப் பக்கம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அன்றுமுதல் ரெட்டப்பா படுத்தபடியே இரண்டு கையையும் தலைக்குமேல் பின்னால் தூக்கிக் கும்பிடுவார். கட்டில் கம்பியில் அவர் விரல் இடிக்கிற சத்தம் எனக்குக் கேட்கும்.

எனக்கு வேறு வேலை இல்லை. ரயில் ஊதுகிற சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கவனித்துக்கொண்டிருந்தேன். திருப்பதியில் ஸ்டேஷன் தெற்கே, மலை வடக்கே. ரயில் ஊதுவது என் தலைமாட்டில்.

"ரெட்டப்பா, ஒண்ணு சொல்றேன், கோச்சிக்காதீங்க," என்றேன்.

"ஏமய்யா டிரைவரு?"

"நீங்க கும்புடறது ரயில்வே ஸ்டேஷன. மலை நம்ம கால்மாட்டுல இருக்குது."

"ஐயய்யோ," என்றார். "அப்ப இத்தன நாளா சாமிக்குக் கால நீட்டிக்கினா படுத்துக்கினு இருக்கேன்?"

"நானும்தான்."

பிறகு மெதுவாகச் சொன்னார்: "போகட்டும் விடுய்யா. அவரே வலக்கையால தன் கால காட்டிக்கினுதான நிக்கறாரு. ஒரு வாரத்துக்கு நம்ம கால அவரு பாக்கட்டும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கக்கூடாதே! பல்லைக் கடித்துக்கொண்டேன். வயிறு மட்டும் குலுங்கியது. அந்தக் கட்டிலும் கிரீச் கிரீச்சென்று ஆடுவது கேட்டது. நர்சம்மா ஓடிவந்து இரண்டு பேரையும் தெலுங்கில் கிழித்துத் தோரணம் கட்டினாள். கண்ணுக்கு என்ன ஆனதோ என்று அன்று முழுக்க பயந்துகொண்டே இருந்தோம்.

ஒரு நாள் யாரோ வார்டில் பத்திரிகையை உரக்கப் படித்தார்கள். எல்லையைப் பற்றிய சேதி. சத்தியவேட்டுக்காரர் ஒருவரும் திருத்தணிக்காரர் ஒருவரும் கட்டுப்போட்ட கண்ணோடு சண்டை பிடித்தார்கள். "உங்க ஊரு எந்தப் பக்கம் போகணும்பே நீ?" என்று என்னைக் கேட்டார்கள். ஊர் எந்த ராஜ்யத்தில் இருந்தாலும் அதை நான் பார்ப்பேனா என்றுதான் என் மனசுக்குள் ஓடியது.

ரெட்டப்பாவுக்கு என்னைவிட முன்னால் கட்டு அவிழ்த்தார்கள். "அம்மாடி!" என்று அவர் கத்தினதை நான் மறக்க மாட்டேன். ஜன்னல்பக்கம் ஆள் நகர்கிற சத்தம். "நிஜம்தான்யா டிரைவரு, கால்மாட்டுலதான் இருக்குது மலை. பச்சைப்பசேல்னு இருக்குதுய்யா!" என்றார். அப்புறம் நான் கட்டோடு கிடப்பது ஞாபகம் வந்ததோ என்னவோ, குரல் தணிந்துவிட்டது. என் கையைப் பிடித்து, "உனக்கும் தெரியும். நீயும் பாப்பே," என்று சொல்லிவிட்டு ஊருக்குப் போனார்.

அந்தக் கட்டில் காலியாகிவிட்டது. அன்றைக்கு இருந்த தனிமை அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை. நான் பக்திமான் இல்லை. வருஷக்கணக்கில் யாத்திரைக்காரர்களை ஏற்றிப் போயிருக்கிறேன். அவர்கள் கோவிந்தா என்று கத்தினால் எல்லாரும் ஏறியாயிற்று என்று எனக்கு அர்த்தம், கிளட்சை விடுவேன். அவ்வளவுதான் எனக்கும் சாமிக்கும் இருந்த வியாபாரம். அன்றைக்குப் பேச யாரும் இல்லாத அந்த வார்டில், கால்மாட்டுப் பக்கம் கையைக் குவித்தேன். என்ன கேட்பது என்று தெரியவில்லை. கண்ணைக் கொடு என்று கேட்க வாய் வரவில்லை, கேட்டுக் கிடைக்காவிட்டால் அவரையும் இழந்துவிடுவேன் என்று பயம். "நான் இங்கதான் இருக்கேன்," என்று மட்டும் சொன்னேன். பதில் ஒன்றும் வரவில்லை. ஆனால் சொன்ன பிறகு மூச்சு கொஞ்சம் சீராக வந்தது. மறுநாளும் சொன்னேன்.

எனக்குக் கட்டு அவிழ்த்தபோது முதலில் தண்ணீர்தான் தெரிந்தது. துடைத்தார்கள். ஒரு வெள்ளைச் சட்டையின் பொத்தான் தெரிந்தது. அப்புறம் டாக்டரின் விரல். இரண்டு என்றேன். சரி என்றார். சுற்றிலும் ஒன்றும் இல்லை. நடுவில் மட்டும் ஒரு வட்டம், ஒரு கையகலம் இருக்கும். அழுத்தம் இறங்கிவிட்டது, இருப்பதை வைத்துக்கொள்ளலாம், சொட்டு மருந்தை ஆயுசுக்கும் விடக்கூடாது என்றார் டாக்டர். ஒரு கண்ணில் கால்வாசி. அதுதான் மொத்தக் கணக்கு.

வீட்டுக்கு வந்த பிறகுதான் அந்தக் கால்வாசியோடு குடித்தனம் நடத்துவது என்னவென்று தெரிந்தது. நிலைப்படி இடிக்கும், வாளி தடுக்கும், நாய்மேல் கால் வைப்பேன். தட்டில் பாதிச் சோறு என் கண்ணில் படாமல் கிடக்கும். கன்னியம்மா தட்டைத் திருப்பி வைத்துவிட்டுப் போவாள். முதலில் விசாரிக்க வந்தவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக நின்றார்கள். எங்கள் தெருமுனையில் பஸ் போகும்போது ஹாரன் அடிக்கும். முதல் சில நாள் வாசலுக்கு ஓடினேன். அப்புறம் அந்த நேரத்தில் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளப் பழகினேன்.

வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தபோது கன்னியம்மா ஒரு நாள் ஆரம்பித்தாள்.

"மலைக்குப் போகணும்யா. வேண்டிக்கினு இருக்கேன்."

"இன்னான்னு வேண்டிக்கின?"

"உனக்குக் கண்ணு இருந்தா, வியாழக்கெழம நேத்திர தரிசனத்துக்கு உன்னக் கூட்டிக்கினு வரேன்னு."

மற்ற நாட்களில் திருமலையில் பெருமாளின் பெரிய நாமம் கண்ணை மறைத்துக்கொண்டிருக்கும். வியாழக்கிழமை நாமத்தைக் குறைத்து, நகைகளைக் களைந்துவிடுவார்கள். அன்றைக்குத்தான் அவர் கண் தெரியும். அதற்குத்தான் நேத்திர தரிசனம் என்று பெயர்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "கண்ணு இருந்தாவா? ஒண்ணு பூடுச்சி, ஒண்ணு கால்வாசி. இதுக்கு நான் நன்றி வேற சொல்லணுமா?"

"அந்தக் கால்வாசிக்குச் சொல்லு."

"மத்தத எடுத்துக்கினவருக்கா?"

"அவரு எங்கய்யா எடுத்தாரு? நீதான எண்ணெ ஊத்தி ஊத்தி எடுத்த."

அவள் கடலை உரிப்பதை நிறுத்தவில்லை. அவள் மலை ஏறினதே இல்லை என்பதும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஊர் ஜனங்களையெல்லாம் திருப்பதியில் கொண்டுபோய் இறக்கினவன், பெண்டாட்டியை ஒரு தடவை கூட்டிப்போகவில்லை.

புதன்கிழமையே மேலே போய்விட்டோம். மறுநாள் வரிசையில் நிற்கும்போது அவள் எனக்குப் பாடம் நடத்திக்கொண்டே வந்தாள். "உனக்கு வட்டம் சின்னது. உள்ள நிக்க விடமாட்டாங்க. கால பாத்துக்கினு நேரத்த விட்டுடாத. மொதல்லயே மேல பாரு. கண்ண பாரு. புரிதா?" சின்னப்பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி இரண்டு மூன்று தடவை சொன்னாள். உள்ளே விளக்கு வெளிச்சம் மட்டும்தான், இருட்டில் என் கண் சரியாக வேலை செய்யாது என்று எனக்குத் தெரியும். அவளிடம் சொல்லவில்லை. கால்வாசிக் கண்ணுக்குச் சாமி கண் தெரியுமா, தெரியாதா? கண் மிச்சமிருக்கிறதா இல்லையா என்பதே அதில் தெரிந்துவிடும் என்று பயந்தேன்.

கூட்டம் தள்ளிக்கொண்டே போனது. நெய் விளக்கு வாசனை, கற்பூர வாசனை. கன்னியம்மா என் முழங்கையை இறுகப் பிடித்திருந்தாள். "வந்துட்டோம்யா, இப்ப, இப்ப," என்றாள். சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் கோவிந்தா என்று கூவினார்கள். என் கை இரண்டும் தலைக்குமேல் போயின. கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

ஆமாம், மூடிக்கொண்டேன். எந்தச் சந்நிதிக்கு முன்னால் போய் நின்றாலும் எங்கள் வீட்டு ஆட்களுக்குக் கண் தானாக மூடிக்கொள்ளும், அது பிறவிப் பழக்கம். மூடின கண்ணுக்குள் என்ன கண்டாய் என்று சிலர் ஆசையாகக் கேட்கிறார்கள். ஒன்றும் காணவில்லை. ஆஸ்பத்திரியில் இருந்த அதே இருட்டு. ஆனால் அந்தப் பயம் அதில் இல்லை. "இங்கதான் இருக்கேன்," என்றேன், வழக்கம்போல. "ஜருகண்டி, ஜருகண்டி," என்று ஒரு கை என்னை நகர்த்தியது. கண்ணைத் திறந்தபோது என் வட்டத்தில் ஒரு கல்தூணும் யாரோ ஒருவரின் வேர்த்த முதுகும்தான் இருந்தன.

வெளியே வந்து குளத்தங்கரைப் படியில் உட்கார்ந்தோம். அவளுக்கு மூச்சு வாங்கியது.

"பாத்தியா? கண்ணு தெரிஞ்சிதா?"

பொய் சொல்லலாமா என்று ஒரு நொடி யோசித்தேன். "மூடிக்கினேன்மே," என்றேன்.

"ஐயோ, இன்னாய்யா நீ!"

"கை தூக்கினதும் தானா மூடிக்கிச்சி. நீ பாத்த இல்ல, சொல்லு. சாமி கண்ணு எப்படி இருந்துச்சி?"

அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்:

"நான் எங்கய்யா சாமியப் பாத்தேன்? உனக்குத் தெரியுதா தெரியலையான்னு உன் மூஞ்சியத்தான் பாத்துக்கினு நின்னேன்."

வெயில் நன்றாக இருந்தது. நான் தலையைத் திருப்பினேன். என் வட்டத்துக்குள் அவள் நெற்றி வந்தது. குங்குமம் வேர்வையில் வழிந்திருந்தது. கொஞ்சம் இறக்கினேன். ஒரு புருவம். அதில் இரண்டு நரை. கண். அந்தப் பக்கம் நகர்ந்து இன்னொரு கண். ஓரத்தில் சுருக்கம் விழுந்திருந்தது, இது எப்போது விழுந்தது? மூக்குத்தி. மேலுதட்டில் ஒரு மச்சம்.

"இன்னாய்யா அப்படிப் பாக்கற? ஜனங்க சிரிக்கப் போறாங்க," என்று அவள் முகத்தைத் திருப்பப் போனாள்.

"திரும்பாதமே, இரு," என்றேன். "இன்னும் பாத்து முடியல."